ஓ-யூ-ஜி-எச்: நாலே எழுத்து, ஏன் இத்தனை உச்சரிப்பு?

ஆங்கிலச் சொற்களில் ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கு எழுத்துகள் சேர்ந்து வந்தால் எப்படிப் படிப்பது என்று யாரைக் கேட்டாலும் இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். "இங்கிலீஷுக்கு ரூலே கிடையாது, மனப்பாடம் பண்ணு" என்பது ஒன்று. "ஜி எச் வந்தா சைலன்ட், அவ்வளவுதான்" என்பது இன்னொன்று. போட்டித் தேர்வு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் சொற்பட்டியல்களும், பஸ் ஸ்டாண்ட் புத்தகக் கடைகளில் தொங்கும் 'ஸ்பெல்லிங்' புத்தகங்களும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இரண்டுமே தவறு. இந்தச் சொற்களுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், ஐம்பது சொற்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இதை எழுத வைத்தவை பிள்ளைகளின் பாடநூல்கள். எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, அரூர் பக்கத்துக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடநூலைத் திறந்தால், அச்சடித்த வரிக்கு அடியில் பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதியிருக்கும். 'நைட்', 'லைட்', 'ரைட்' என்று தடங்கலில்லாமல் எழுதிக்கொண்டே வந்த கை, கடினம் என்று பொருள்படும் 'டஃப்' வந்ததும் தடுமாறும். முதலில் 'டோ' என்று எழுதும். அதை அடித்துவிட்டு 'டவ்' என்று எழுதும். அதையும் ரப்பரால் தேய்த்து, தாள் கிழிகிற அளவுக்குத் தேய்த்து, கடைசியில் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கும்.

அந்தப் பிள்ளை செய்தது சரியான வேலை. முந்தின பாடத்தில் இதே நான்கு எழுத்துகளை 'தோ' என்ற சொல்லில் 'ஓ' என்று படித்திருக்கிறது, அதை இங்கே பொருத்திப் பார்த்திருக்கிறது. யோசிக்கிற எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்யும். அதற்குத் திட்டு விழும்போது, யோசிப்பதையே அந்தப் பிள்ளை நிறுத்திவிடுகிறது. வீட்டில் ஆங்கிலம் படித்த யாரும் இல்லாத பிள்ளைக்கு அது பெரிய இழப்பு.

முதலில் சொற்களைப் பார்ப்போம்

கீழே வரும் சொற்கள் எல்லாவற்றிலும் ஓ-யூ-ஜி-எச் என்ற நான்கு எழுத்துகளும் அதே வரிசையில் இருக்கின்றன.

கடினம் என்ற 'டஃப்', சொரசொரப்பு என்ற 'ரஃப்', போதும் என்ற 'இனஃப்' ஆகிய மூன்றும் 'அஃப்' என்று முடிகின்றன. இருமல் 'காஃப்'. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி 'ட்ராஃப்'. இவற்றில் 'ஆஃப்'. என்றாலும் என்ற பொருளில் வரும் 'தோ', பரோட்டாவுக்குப் பிசைந்து வைத்த மாவான 'டோ' இரண்டிலும் வெறும் 'ஓ'. வழியாக என்ற 'த்ரூ'வில் 'ஊ'. கலப்பை 'பிளவ்', மரத்தின் பெரிய கிளை 'பவ்', இவற்றில் 'அவ்'. வாங்கினான் 'பாட்', நினைத்தான் 'தாட்', சண்டை போட்டான் 'ஃபாட்', இவற்றில் 'ஆட்'. முழுமையான என்ற சொல்லை நம் பக்கம் 'தரோ' என்கிறோம். இங்கிலாந்தில் கடைசி ஒலி 'ஓ' என்று நீளாமல் 'அ' என்று தேய்ந்துவிடும்.

எண்ணிப் பாருங்கள், ஏழு உச்சரிப்பு வருகிறது. இதைத்தான் 'ரூலே கிடையாது' என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள்.

இங்கே ஒரு சொல்லை வரையறுத்துக்கொள்வோம். பேச்சில் பொருளை மாற்றும் ஒலிக்கு மொழியியலில் ஒலியன் என்று பெயர். 'பல்', 'கல்' இரண்டையும் வேறு சொற்களாக்குவது 'ப', 'க' என்ற இரண்டு ஒலியன்கள். ஒலியன் வாயில் இருப்பது, எழுத்து தாளில் இருப்பது. இரண்டும் ஒன்றுக்கு ஒன்றாக எப்போதும் பொருந்தும் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

நாமும் இப்படித்தான் எழுதுகிறோம்

தமிழில் 'இருக்கிறது' என்று எழுதுகிறோம். அப்படியே யாராவது பேசுகிறார்களா? சென்னையில் 'இருக்கு'. கோவைப் பக்கம் 'இருக்குதுங்க'. வேலூர்ப் பக்கம் 'கீது'. இந்த வழக்குகள் சந்திக்கிற நடுவில் இருப்பதால் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இவை எல்லாமே காதில் விழும். ஆனால் தாளில் எழுத உட்கார்ந்தால் எல்லோரும் 'இருக்கிறது' என்றே எழுதுகிறார்கள். நம் வாய் அந்தச் சொல்லை எங்கோ கொண்டுபோய்விட்டது, ஊருக்கு ஊர் வேறு வேறு பாதையில் கொண்டுபோயிருக்கிறது. எழுத்து மட்டும் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'மரம்', 'மறம்' இரண்டையும் வகுப்பில் சொல்வதெழுதுதலுக்குக் கொடுத்தால் பிள்ளைகள் திணறுவார்கள். ர, ற இரண்டுக்கும் இருந்த ஒலி வேறுபாடு இன்று பெரும்பாலோர் வாயில் இல்லை. ந, ன இரண்டும் அப்படித்தான். ஒலி ஒன்றாகிவிட்டது, எழுத்து இரண்டாகவே இருக்கிறது. இதை யாரும் 'தமிழுக்கு ரூலே கிடையாது' என்று சொல்வதில்லை. ஒரு காலத்தில் இரண்டும் வேறு வேறாக ஒலித்தன, எழுத்து அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று சொல்கிறோம். ஆங்கிலத்திலும் நடந்தது அதேதான். அளவு மட்டும் மிகப் பெரியது.

மூன்று விதமான எழுத்து

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்றால் இந்த விஷயம் கண்ணெதிரே தெரியும். பெங்களூரு பஸ்ஸில் கன்னடப் பலகை, நம் அரசு பஸ்ஸில் தமிழ்ப் பலகை, கடைகளின் மேலே ஆங்கிலம். தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு, பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் படிக்கிற பிள்ளைகள் ஏராளம். அவர்கள் கையாளுகிற எழுத்து முறைகள் ஒன்றுபோல வேலை செய்வதில்லை.

கன்னடத்திலும் தெலுங்கிலும் 'க' வரிசைக்கு நான்கு எழுத்துகள். எந்த எழுத்தைப் பார்த்தாலும் அதன் ஒலி அதிலேயே இருக்கும். தமிழில் ஒரே ஒரு 'க'. 'கடல்' என்பதில் அது ஒரு ஒலி, 'தங்கம்' என்பதில் வேறு ஒலி, 'பகல்' என்பதில் இன்னொரு ஒலி. நமக்கு இது குழப்பமாகத் தெரிவதே இல்லை. சொல்லின் தொடக்கமா, மெல்லின எழுத்துக்குப் பின்னாலா, இரண்டு உயிரொலிகளுக்கு நடுவிலா என்று இடத்தைப் பார்த்துத் தானாகவே படித்துவிடுகிறோம்.

ஆங்கிலத்தில் பல சொற்களுக்கு எழுத்தை மட்டும் பார்த்தால் போதும்; பூனை, பேனா, தொப்பி ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் எல்லாம் அப்படிப்பட்டவை. சிலவற்றுக்கு இடத்தையும் பார்க்க வேண்டும். ஓ-யூ-ஜி-எச் மாதிரியான சிலவற்றுக்கு மட்டும் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இந்த மூன்றாவது வகைதான் பயமுறுத்துகிறது. அதைப் பார்த்துவிட்டு மொழி முழுவதையும் ஒழுங்கற்றது என்று முடிவு கட்டுவது சரியல்ல.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: எழுத்து வேறு, ஒலி வேறு. பேச்சு மாறிக்கொண்டே போகும், எழுத்து பின்தங்கி நிற்கும். ஆங்கிலத்தின் இந்த நான்கு எழுத்துகள் அப்படிப் பின்தங்கி நின்றவை.

ஜி-எச் எந்த ஒலிக்காக எழுதப்பட்டது?

இதுதான் விஷயத்தின் மையம். ஜி-எச் 'சைலன்ட்'ஆகப் பிறக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஒரு உண்மையான ஒலி இருந்தது. நாக்கின் பின்பகுதியை மேலண்ணத்துக்கு அருகே கொண்டுபோய், மூச்சை உரசவிட்டு எழுப்பும் ஒலி. 'அஃது', 'எஃகு' என்று ஆய்தத்தை அழுத்திச் சொல்லிப் பாருங்கள். அந்த ஃ இருக்கும் இடத்தில் தொண்டைப் பக்கம் மூச்சு உரசுகிறதே, கிட்டத்தட்ட அந்த ஒலிதான். இனி இதை உரசொலி என்றே குறிப்பிடுகிறேன்.

இரவு என்ற சொல்லைப் பழைய ஆங்கிலத்தில் 'நிஹ்ட்' என்பதுபோலச் சொன்னார்கள். அப்போது அதை எழுதியது என்-ஐ-எச்-டி என்று. ஜி கிடையாது, உரசொலிக்கு எச் ஒன்றே போதுமானதாக இருந்தது. 1066-ல் பிரெஞ்சு பேசும் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அடுத்த இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் ஏடு எழுதும் வேலை பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள் கைக்குப் போனது. உரசொலியைத் தனியாகக் காட்ட ஜி-எச் என்று இரண்டு எழுத்தாக எழுதும் வழக்கம் அப்படி நிலைத்தது. 'ஊ' என்ற நீண்ட ஒலிக்கு பிரெஞ்சுப் பாணியில் ஓ-யூ என்று எழுதுவதும் அவர்கள் கொண்டுவந்ததே. ஓ-யூ-ஜி-எச் என்ற கொத்து இப்படித்தான் உருவானது: முன்பாதி உயிரொலிக்கு, பின்பாதி உரசொலிக்கு.

ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவான ஜெர்மன் மொழியில் அந்த உரசொலி இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் 'நைட்', ஜெர்மனில் 'நாஹ்ட்'. ஆங்கிலத்தில் மகள் 'டாட்டர்', ஜெர்மனில் 'டோஹ்டர்'. வெளிச்சம் 'லைட்', அங்கே 'லிஹ்ட்'. ஆங்கிலத்தில் ஜி-எச் வாய் திறக்காமல் இருக்கும் பல இடங்களில் ஜெர்மன்காரர்கள் மூச்சை உரசவிடுகிறார்கள். ஸ்காட்லாந்திலும் ஏரியை 'லோஹ்' என்று சொல்லும்போது இந்த ஒலி கேட்கும்.

அந்த ஒலி எங்கே போனது?

தென் இங்கிலாந்தின் பேச்சில், தோராயமாக 1400-களில் தொடங்கி 1600-கள் வரை, உரசொலி மெல்ல மெல்ல மறைந்தது. மறையும்போது அது எல்லாச் சொல்லிலும் ஒரே மாதிரி மறையவில்லை.

பல சொற்களில் அது முற்றிலுமாக விழுந்தது. 'தோ', 'டோ', 'த்ரூ', 'பிளவ்', 'தாட்', 'நைட்' எல்லாம் அப்படி. சில சொற்களின் கடைசியில் மட்டும் அது விழாமல், உதட்டுக்கு நகர்ந்து 'ஃப்' ஆனது. 'டஃப்', 'ரஃப்', 'இனஃப்', 'காஃப்', 'ட்ராஃப்', சிரிப்பு என்ற 'லாஃப்'.

தொண்டையில் இருந்த ஒலி உதட்டுக்கு எப்படி வரும் என்று தோன்றலாம். செய்து பார்த்தால் புரிந்துவிடும். உதட்டை 'ஊ' சொல்வதுபோலக் குவித்துக்கொள்ளுங்கள். அப்படியே தொண்டையில் மூச்சை உரசவிட்டு 'ஊஹ்' என்று சொல்லுங்கள். குவிந்த உதட்டின் வழியாகக் காற்று வெளியேறும்போது, கேட்பவர் காதுக்கு அது 'ஊஃப்' மாதிரியே விழும். கேட்ட பிள்ளைகள் அதை 'ஃப்' என்றே கற்றுக்கொண்டார்கள். 'ஊ', 'ஓ' போல உதட்டைக் குவிக்கும் ஒலிகளை ஒட்டி இருந்த சொற்களில்தான் இது நடந்தது. உதடு விரியும் 'இ' ஒலிக்குப் பின்னால் வந்த 'நைட்', 'லைட்', 'ஹை' போன்றவற்றில் ஒன்றில்கூட 'ஃப்' வரவில்லை. வாயின் அமைப்பே இதற்குக் காரணம்.

எந்தச் சொல் விழும், எந்தச் சொல் 'ஃப்' ஆகும் என்பது ஊர்ப் பேச்சைப் பொறுத்தும் இருந்தது. லண்டன் பல வட்டாரத்து மக்கள் வந்து குவிந்த நகரம். ஒரு சொல்லை ஒரு வட்டாரத்தின் உச்சரிப்பிலும் இன்னொன்றை வேறொரு வட்டாரத்தின் உச்சரிப்பிலும் அந்த நகரம் எடுத்துக்கொண்டது. பொதுப்பேச்சாக நிலைத்தது அந்தக் கலவை. 'இருக்கு'வையும் 'கீது'வையும் ஒரே ஊரில் கேட்கிற நமக்கு இது விளங்காத செய்தி அல்ல.

உயிரொலியும் நகர்ந்தது

உரசொலி மட்டும் மறைந்திருந்தால் கதை எளிதாக முடிந்திருக்கும். அதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. ஏறத்தாழ 1400-க்கும் 1700-க்கும் இடையில் ஆங்கிலத்தின் நீண்ட உயிரொலிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இடம் மாறின. இதைப் பெரும் உயிரொலி மாற்றம் என்கிறார்கள். 'ஓ' இருந்த இடத்தில் 'ஊ' வந்தது. நிலாவைக் குறிக்கும் சொல் 'மோன்' என்று ஒலித்தது 'மூன்' ஆனது. 'ஊ' இருந்த இடத்தில் 'அவ்' வந்தது. வீட்டை 'ஹூஸ்' என்றவர்கள் 'ஹவ்ஸ்' என்றார்கள். 'ஈ' இருந்த இடத்தில் 'ஐ' வந்தது.

'நைட்' எப்படி வந்தது என்று இப்போது பார்க்கலாம். முதலில் 'நிஹ்ட்'. உரசொலி விழுந்ததும் அதன் இடத்தை நிரப்ப உயிரொலி நீண்டு 'நீட்' ஆனது. பெரும் உயிரொலி மாற்றத்தில் 'ஈ' எல்லாம் 'ஐ' ஆனபோது 'நைட்' ஆனது. கலப்பையும் இப்படித்தான். ஒரு கட்டத்தில் 'ப்ளூஹ்', பிறகு 'ப்ளூ', பிறகு 'ஹவ்ஸ்' போன பாதையிலேயே 'பிளவ்'.

உரசொலி எப்போது விழுந்தது, அப்போது பக்கத்தில் இருந்த உயிரொலி நீண்டதா குறுகியதா, அது எந்த வட்டாரத்துப் பேச்சு: இந்த மூன்றும் சொல்லுக்குச் சொல் மாறியதால் ஏழு உச்சரிப்பு வந்தது. தாளில் மட்டும் எல்லாவற்றுக்கும் அதே நான்கு எழுத்து.

ஏன் எழுத்தைத் திருத்தவில்லை?

வில்லியம் காக்ஸ்டன் 1476-ல் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். இங்கிலாந்தின் முதல் அச்சகம் அது. ஒலிகள் நகர்ந்துகொண்டிருந்த அதே நேரத்தில் அச்சு வந்துவிட்டது. அச்சகங்கள் அன்று கையெழுத்து ஏடுகளில் இருந்த எழுத்தையே எடுத்துக்கொண்டன. பிள்ளைகள் அச்சுப் புத்தகத்தைப் பார்த்து எழுதக் கற்றார்கள். 1755-ல் சாமுவேல் ஜான்சனின் அகராதி வந்தபோது, இருந்த எழுத்துக்கூட்டல் கிட்டத்தட்ட இறுகிவிட்டது. பேச்சு மாறி முடிப்பதற்குள் எழுத்து உறைந்துபோனது என்று சொல்லலாம்.

திருத்தப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டரின் அகராதிகள் வழியாகச் சில சொற்கள் எளிதாயின. கலப்பையை அங்கே பி-எல்-ஓ-டபிள்யூ என்று எழுதுகிறார்கள். 1906-ல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 300 சொற்களை எளிய எழுத்துக்கூட்டலில் அச்சிடும்படி அரசு அச்சகத்துக்கு ஆணையிட்டார். 'த்ரூ'வை டி-எச்-ஆர்-யூ என்று நான்கே எழுத்தில் எழுதுவதும் அந்தப் பட்டியலில் இருந்தது. நாடாளுமன்றம் எதிர்த்தது, அந்த ஆண்டே ஆணை கைவிடப்பட்டது. ஆனாலும் அந்த நான்கெழுத்து வடிவம் சாகவில்லை. நெடுஞ்சாலை ஓரங்களில் காரைவிட்டு இறங்காமல் சாப்பாடு வாங்கும் கடைகளின் பலகையில் 'டிரைவ் த்ரூ' என்று எழுதியிருப்பது பெரும்பாலும் அந்த வடிவத்தில்தான். பரீட்சைத் தாளில் மட்டும் அப்படி எழுதக் கூடாது.

தமிழுக்கு 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது, ணை, லை, னை எல்லாம் வடிவம் மாறின. ஆங்கிலத்துக்கு அப்படி ஆணை போட ஒரே அரசும் இல்லை, ஒரே நாடும் இல்லை. மேலும் எந்த நாட்டு உச்சரிப்பின்படி திருத்துவது என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் கிடையாது.

சுருக்கம்: ஓ-யூ ஒரு உயிரொலிக்கு, ஜி-எச் ஒரு உரசொலிக்கு. உரசொலி சிலவற்றில் விழுந்தது, சிலவற்றில் 'ஃப்' ஆனது. உயிரொலியும் நகர்ந்தது. அதற்குள் அச்சு எழுத்தைப் பூட்டிவிட்டது.

அப்படியானால் எப்படிப் படிப்பது?

எழுத்தின்படி பட்டியல் போடாதீர்கள், ஒலியின்படி போடுங்கள். ஓ-யூ-ஜி-எச் உள்ள ஐம்பது சொற்களை ஒரே பக்கத்தில் எழுதினால் பிள்ளைக்கு மிஞ்சுவது தலைவலி. ஒரே மாதிரி ஒலிக்கும் மூன்று நான்கு சொற்களை ஒரு நாளைக்கு எடுத்தால் அடுத்த வாரமும் நினைவிருக்கும்.

முதலில் எடுக்க வேண்டியது கடைசியில் டி வரும் குடும்பம், ஏனென்றால் இதுதான் மிக ஒழுங்கானது. ஓ-யூ-ஜி-எச்-டி என்று முடிந்தால் 'ஆட்' என்று படியுங்கள். பாட், ப்ராட், தாட், ஃபாட், தேடினான் என்ற 'சாட்', செய்ய வேண்டும் என்ற 'ஆட்' எல்லாம் ஒரே அச்சு. ஏ-யூ-ஜி-எச்-டி என்று முடிந்தாலும் பெரும்பாலும் இதே ஒலிதான்: பிடித்தான் 'காட்', கற்பித்தான் 'டாட்'. இந்த ஒரு விதியிலேயே அன்றாடம் தேவைப்படும் இறந்தகால வினைகள் பல அடங்கிவிடுகின்றன.

'பாட்', 'ப்ராட்' இரண்டையும் மாற்றி எழுதாத பிள்ளையே இல்லை. இதற்கு ஒரு வழி உண்டு. கொண்டுவா என்ற 'பிரிங்'கில் ஆர் இருக்கிறது, அதன் இறந்தகாலமான 'ப்ராட்'டிலும் ஆர் இருக்கிறது. வாங்கு என்ற 'பை'யில் ஆர் இல்லை, 'பாட்'டிலும் இல்லை. சந்தையில் வாங்கியது ஆர் இல்லாதது, வீட்டுக்குக் கொண்டுவந்தது ஆர் உள்ளது.

அடுத்தது 'ஃப்' குடும்பம். அன்றாடத்துக்கு டஃப், ரஃப், இனஃப், காஃப், லாஃப் ஐந்தும் போதும். 'ஃப்' என்று முடிகிற ஜி-எச் சொற்கள் மிகக் குறைவு என்பதால் இவற்றைத் தெரிந்துகொண்டால் மற்ற அன்றாடச் சொற்களில் பெரும்பாலும் 'ஃப்' வராது என்று தைரியமாக இருக்கலாம்.

பிறகு, கண்ணை ஏமாற்றும் நான்கு சொற்கள்: தோ, தாட், த்ரூ, தரோ. இவற்றைக் காதைவிடக் கண்ணால் பிரிப்பது எளிது. டி-எச்-சை அடுத்து நேராக ஓ-யூ-ஜி-எச் வந்தால் 'தோ'. அதன் வாலில் ஒரு டி சேர்ந்தால் 'தாட்'. நடுவில் ஆர் நுழைந்தால் 'த்ரூ'. அந்த ஆருக்கும் முன்னால் இன்னொரு ஓ வந்தால் 'தரோ'. நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மாறும் எழுத்தை மட்டும் சிவப்புப் பேனாவில் எழுதச் சொல்லுங்கள். வாக்கியத்தில் வைத்துப் படிக்கும்போது பொருளும் கைகொடுக்கும். காவேரிப்பட்டணம் வழியாகப் போனான் என்றால் அங்கே 'த்ரூ' தவிர வேறெதுவும் பொருந்தாது.

ஐ-ஜி-எச் குடும்பத்துக்கு நேரம் செலவிட வேண்டாம். நைட், லைட், ரைட், ஃபைட், ஹை எல்லாமே 'ஐ'. பென்சிலால் எழுதிய பிள்ளை தடுமாறாமல் போனதே இதில்தான். இந்தக் குடும்பத்தில் ஒரு சொல் மட்டும் உறவில்லாமல் வந்து சேர்ந்தது. மகிழ்ச்சி என்ற 'டிலைட்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதில் உரசொலி என்றைக்கும் இருந்ததில்லை. 'லைட்' மாதிரி ஒலிக்கிறதே என்று யாரோ ஜி-எச் சேர்த்து எழுத, அதுவே நிலைத்துவிட்டது.

சொல்லின் தொடக்கத்தில் வந்தால்

தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் வரும். அதை ஆங்கிலத்தில் 'தொப்பூர் காட்' என்கிறோம். அந்தக் 'காட்' எழுதப்படுவது ஜி-எச்-ஏ-டி என்று. அங்கே ஜி-எச் 'சைலன்ட்' இல்லை, 'ஃப்'பும் இல்லை. நெய் என்ற 'கீ', பேய் என்ற 'கோஸ்ட்' ஆகியவற்றிலும் அப்படித்தான். சொல்லின் தொடக்கத்தில் ஜி-எச் வந்தால், 'தங்கம்' என்பதில் வரும் 'க' ஒலி, எப்போதும்.

இந்தச் சொற்களுக்கும் பழைய உரசொலிக்கும் தொடர்பே கிடையாது. 'காட்', 'கீ' இரண்டும் இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை. 'கோஸ்ட்' என்ற சொல்லில் முதலில் எச் இல்லை. இங்கிலாந்துக்குத் திரும்புவதற்கு முன் காக்ஸ்டன் அச்சகம் நடத்தியது கடலுக்கு அக்கரையில், இன்றைய பெல்ஜியப் பகுதியில். அங்கே பேசிய பிளெமிஷ் மொழியில் பேய்க்கான சொல்லில் ஜி-எச் இருந்தது. அந்தப் பழக்கம் அவருடைய அச்சகத்தின் வழியாக ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது.

விதியை மீறும் ஒரு சொல்

ஓ-யூ-ஜி-எச்-டி வந்தால் 'ஆட்' என்று மேலே சொன்னேன். அன்றாடச் சொற்களில் அதை மீறுவது ஒன்றே ஒன்று, அது நம் மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும் எவரும் தவிர்க்க முடியாத சொல்: வறட்சி. 'டிராட்' என்று பலர் படிக்கிறார்கள். சரியான உச்சரிப்பு 'டிரவுட்'.

காரணம் அதன் பிறப்பில் இருக்கிறது. உலர்ந்த என்ற 'டிரை' எந்த வேரிலிருந்து வந்ததோ, அதே வேரிலிருந்து பிறந்தது இந்தச் சொல். பழைய ஆங்கிலத்தில் அதன் நடுவில் நீண்ட 'ஊ' இருந்தது. 'பாட்', 'தாட்' போன்றவற்றின் நடுவில் இருந்தது 'ஓ'. ஆகவே 'ஹூஸ்' எப்படி 'ஹவ்ஸ்' ஆனதோ அப்படியே இதிலும் 'ஊ' 'அவ்' ஆனது. வாலில் டி இருக்கிறதே என்று 'தாட்' பக்கத்தில் இதை எழுதி வைக்காதீர்கள். 'பிளவ்', 'பவ்' இரண்டுக்கும் கீழே எழுதி வையுங்கள், அதுதான் இதன் குடும்பம்.